பெங்களூரின் கோடை மழை



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். தமிழகத்துச் சமவெளியில் வாழ்வோர்க்கு அந்தப் பெயர் இன்று ஏட்டளவில்தான் நிற்கிறது. சித்திரை பிறக்குமுன்பே வெயில் கொளுத்தத் தொடங்கி, அக்கினி நட்சத்திரத்தில் உச்சத்தை எட்டிவிடுகிறது. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரிலோ அப்பெயருக்கு இன்னும் ஓரளவு பொருள் உண்டு. மாசி, பங்குனித் திங்கள்களில் மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. புங்க மரங்கள் பளபளவெனத் தளிர் விடுகின்றன. ஆனால் இந்த இளவேனில் சாதுவானதன்று. காலையில் தெளிந்த வானம், நண்பகலில் புழுக்கம், மாலை நான்கு மணிக்கு மேல் கருமேகம் திரண்டு, புழுதிக் காற்று வீசி, இடியோடு மழை கொட்டுகிறது. சில நாட்களில் ஆலங்கட்டியும் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து வானம் வெளுத்துவிடும். ஒரு பேட்டையில் தெருவெல்லாம் வெள்ளம் ஓட, அடுத்த பேட்டையில் புழுதிகூட அடங்கியிராது.

இத்தகைய மழையை முன்னறிந்து கூறுவது எளிதன்று. வானிலை நிலையத்தாரைப் பார்த்து நகைப்போர், அவர்கள் கையாளும் பொருள் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. கோடையில் தீபகற்பத்தின் உள்நிலம் கடுமையாகச் சூடேறுகிறது. வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் ஈரக் காற்று உள்ளே நுழைகிறது. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு கோட்டில் வேறுபட்ட காற்றுகள் சந்திக்கின்றன. அங்கே ஈரக் காற்று செங்குத்தாக மேலெழுந்து, மலைபோன்ற மேகமாகக் குவிகிறது. அந்தக் கோடு இன்று சற்றுக் கிழக்கே இருக்கும், நாளை மேற்கே நகரும். இடிமேகம் ஒன்றின் அகலமோ சில மைல்கள்தாம். அதன் ஆயுளோ ஒன்றிரண்டு மணி நேரம். மாநிலத்தில் இடி மழை உண்டு என்று முதல்நாளே சொல்லலாம். மல்லேசுவரத்திலா அல்சூரிலா என்று சொல்ல, மேகம் எழுந்த பிறகே இயலும்.

இம்மழைக்கு ஊரார் இட்ட பெயர்கள் பல. மாங்காய் பருக்கும் காலத்தில் வருவதால் ஆங்கிலேயர் இதனை மாங்காய் மழை என்றனர். குடகு, சிக்கமகளூர் மலைகளில் காப்பி பயிரிடுவோர்க்கு இது பூ மழை. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் காப்பிச் செடி மலரும். கன்னட உழவரோ கதிரவன் நிற்கும் நாள்மீனைக் கொண்டு அசுவினி மழை, பரணி மழை, கிருத்திகை மழை என்று எண்ணுகின்றனர். பரணியில் பெய்தால் தரணி விளையும் என்பது அவர்களது நம்பிக்கை. அதே மழை கல்லாக விழுந்தால் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்து மாந்தோப்புகளும், சிக்கபள்ளாப்பூர்த் திராட்சைத் தோட்டங்களும் ஒரே மாலையில் அழிகின்றன.

நிலையற்ற இம்மழையை நம்பி ஒரு பெருநகர் எவ்வாறு எழுந்தது? பெங்களூருக்கு ஆறு கிடையாது. மேட்டின் முகட்டில் அமர்ந்த ஊர் அது. பெய்த நீர், கோரமங்களா, ஹெப்பால் பள்ளத்தாக்குகள் வழியே கிழக்கே தென்பெண்ணைக்கும், விருஷபாவதிப் பள்ளத்தாக்கு வழியே மேற்கே அர்க்காவதிக்கும் அதன்பின் காவிரிக்கும் ஓடிவிடும். ஓடும் நீரைப் படிப்படியாக மறித்து, ஒன்றன் கோடி வழிந்தால் மற்றொன்று நிரம்புமாறு ஏரிகளைக் கோத்தனர் முன்னோர். கன்னடர் தூபு என்பது நம் தூம்புதான். காலுவே என்பது நம் கால்வாய்தான். விபூதிபுரத்தில் 1307ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. காடு வெட்டி, மேடு திருத்தி, மணல் அகற்றி ஏரி அமைத்து, ஊர் உண்டாக்கிய செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பகுதி இன்று விமானத் தொழிற்சாலையை அடுத்த நகர்ப்புறம்.

இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அந்த ஏரிகள் ஆண்டு முழுவதும் ததும்பி நிற்கக் கட்டப்பட்டவை அல்ல. தை, மாசியில் நீர் வற்றும். தரையில் ஆடுமாடுகள் மேயும். உழவர் வண்டலை வாரி வயலுக்கு ஏற்றுவர். நீருகண்டி எனப்படும் ஏரிக்காவலர் தூம்பையும் கால்வாயையும் செப்பனிடுவார். கோடை இடிமழை திடீரெனக் கொட்டும்போது அதனை ஏற்க ஏரியின் வயிறு காலியாகக் காத்திருக்கும். மழை எந்நாளில் வரும் என்று அவர்கள் அறியார். ஆயினும் வந்தால் தங்க இடம் வைத்திருந்தனர்.

இன்றோ அந்த இடம் இல்லை. தர்மாம்புதி ஏரியில் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரியில் கண்டீரவ விளையாட்டரங்கம். எஞ்சிய ஏரிகள் பலவற்றில் ஆண்டு முழுவதும் சாக்கடை நீர் இறங்குவதால், பங்குனியிலும் அவை நிரம்பியே கிடக்கின்றன. நீர் நிறைந்த ஏரியைக் கண்டு மகிழ்வோர் உளர். கோடையிலும் குறையாத ஏரி எனில் அதில் கலப்பது எது என்று கேட்பதே முறை.

அண்மை ஆண்டுகளின் கணக்கைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நகரத்து அரசுக் குழாய்க் கிணறுகள் சுமார் 14,000இல் ஏறத்தாழப் பாதி வற்றின. குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தனர். ஏப்ரலில் நகர வானிலை நிலையத்தில் மழையே பதிவாகவில்லை. அத்தகைய ஏப்ரல் அதற்குமுன் 1983இல்தான் வந்தது. பிறகு ஜூன் 2ஆம் நாள் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் பெய்து, ஜூன் மாதத்து ஒருநாள் மழையில் 133 ஆண்டுச் சாதனையை முறியடித்தது. 2023 மே மாதத்திலும் 2025 மே மாதத்திலும் மழை 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. 2023 மே 21ஆம் நாள் நகரின் நடுவே, சுரங்கப் பாதையில் தேங்கிய நீரில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். தாகமும் வெள்ளமும் ஒரே ஊரில், ஒரே பருவத்தில்! இவ்விரண்டிற்கும் வானத்தை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

வழி இல்லாமல் இல்லை. ஜக்கூர் ஏரியில், சுத்திகரித்த கழிவுநீரை முதலில் நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பில் தேக்கி வடித்து, அதன்பிறகே ஏரிக்குள் விடுகின்றனர். பிற ஏரிகளில் சாக்கடையைத் தடுத்து, சித்திரைக்கு முன் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, இராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்களின் ஆக்கிரமிப்பை அகற்றினால், இடிமழை மீண்டும் செல்வமாகும். பின்னது ஒன்றே கடினமானது. ஏனெனில் அங்கே நிலத்தின் விலை பேசுகிறது.

இது பெங்களூராரின் கவலை மட்டுமன்று. நகரின் ஏரிகளில் மிகப் பெரியதாகிய பெல்லந்தூர் ஏரியில் 2017 பிப்ரவரியிலும் 2018 சனவரியிலும் தீப்பற்றியதை நேயர்கள் அறிந்திருக்கலாம். அதன் நீர் வர்த்தூர் ஏரிக்கு இறங்கித் தென்பெண்ணையை அடைகிறது. கோடை மழை ஏரியின் அடிச் சேற்றைக் கலக்கும்போது, சவர்க்காரக் கழிவு நுரையாகப் பொங்குகிறது. எல்லை கடந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலும் அந்நுரை வெண்பஞ்சுபோல் எழுவதை அங்குள்ள உழவர் ஆண்டுதோறும் காண்கின்றனர். அந்த அணையின் வாய்க்கால்களிலிருந்துதான் அவர்கள் தம் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றனர். அங்கிருந்து ஆறு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது.