அம்மம்மாவுக்கு வராத கடிதம்

மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அவர்களைக் காக்கவைக்காமல்.

இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் 4, 5 வயதிலும், பிறகு 10, 11 வயதிலும் பிள்ளைகளின் உயரமும் எடையும் அளக்கிறார்கள். என் மகனுக்கும் அளந்தார்கள். 'எடை அதிகம்' என்று கடிதம் வந்தது. வளர்ப்பைக் குறைசொன்னதுபோல் சுட்டது, லாச்சிக்குள் போட்டுவிட்டேன். மாலை நாலு மணிக்கு அவனுக்குச் சாப்பாடு போடுவது என் அம்மா. அவருக்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

அவர் உள்நாட்டுப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்தவர். மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் அலைந்தவர். மெலிந்த பிள்ளையைக் கண்டால் இன்றைக்கும் நெஞ்சு பதறும். "இன்னும் ஒரு பிடி ராசா" என்று அவர் ஊட்டும்போது, கலோரிக் கணக்கு அச்சடித்த தாள் என்ன செய்யும்?

சரி, உங்கள் பிள்ளை ஒல்லிதானே என்று நீங்கள் இருந்துவிடவும் முடியாது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், அந்நகருக்கு அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கே சவுத்தாம்ப்டனில் 3.5. எடையும் தசையும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. தெற்காசிய உடல்வாகு அப்படி. அதனால்தான் நம் பெரியவர்களுக்கு உடல் நிறை எண் 25 வரை காத்திராமல் 23லேயே எச்சரிக்கிறார்கள்.

இதற்காகப் புட்டையும் சொதியையும் விட்டுவிட்டு சாலட் தின்னச் சொன்னால் எந்த வீட்டில் நடக்கும்? குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் அம்மாவுக்குத் தெரியாததா? 7 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு, சேர்க்கும் சீனி நாளைக்கு 24 கிராமுக்கு மேல் கூடாது என்பது இந்நாட்டு அளவு. 330 மில்லி கோக் டின் ஒன்றில் 35 கிராம் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் வாங்குவது எங்கே தெரியுமா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இடைவேளையில், நாமே போட்ட மேசையில்.

அந்த மேசையை அம்மம்மாமாரிடம் கொடுங்கள். அவித்த கடலை, மோர், பழம். என்ன வைப்பது என்று அவர்களே முடிவுசெய்யட்டும். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் இருந்து பேசட்டும்.

பின்மண்டபத்தில் ரோல்ஸ் பொரிகிற வாசம் எனக்கும் வருகிறது. பள்ளிச் செயலாளர் சிரிக்கிறார். இன்றைக்குச் சாப்பிடுவோம், ஐயா. சனிக்கிழமை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மேசையை ஒதுக்கிவையுங்கள்.