வராத மகனுக்கு ஓர் ஒப்பாரி: ஒலிநாடாவும் இழவுப் பாடலும்

இத்துறையின் அழைப்பில் நான் நிகழ்த்தும் இச்சொற்பொழிவு ஒரு பேராசிரியர் பெயரால் நடப்பது. அவரிடம் நான் நேரில் பாடம் கேட்டவன் அல்லன். அவர் தொகுத்த பாடல்களைப் படித்துத்தான் கள ஆய்வுக்குப் போனேன்.

இன்று நான் எதைப் பேசப்போகிறேன் என்பது இங்கிருக்கும் பலருக்குத் தெரியும். பாதியைக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறீர்கள். மீதியைத் தேநீர் இடைவேளைகளில் நாம் வாதாடியிருக்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் சாவுக்கு வர முடியவில்லை. வீட்டில் அழுத அழுகையை ஒலிநாடாவில் பதிந்து அவனுக்கு அனுப்புகிறார்கள். அந்த நாடாவில் இருப்பது ஒப்பாரிதானா? ஒப்பாரிதான் என்று நான் சொல்கிறேன். இல்லை என்பது என் நண்பர்களின் கட்சி.

நண்பர்களின் கட்சி

அவர்கள் சொல்வதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒப்பாரி இழவு வீட்டுக்கு உரியது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் கூடி அழுவது அது. அந்த வட்டத்துக்குள் ஒலிப்பதிவுப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கியதுமே அழுபவளின் கவனம் பெட்டிக்குப் போய்விடுகிறது. அதன்பின் கிடைப்பது நிகழ்த்திக் காட்டிய அழுகை. இயல்பான சூழல் கெட்டுவிட்டது. ஆகவே அது ஆய்வுக்கான சான்று ஆகாது. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ஒரு தொகுப்புத் திட்டத்தில் இத்தகைய நாடாக்களைப் பட்டியலில்கூடச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தார்கள்.

இயல்பான சூழல் என்று பேசும்போது நாட்டார் வழக்காற்று அறிஞர் கென்னத் கோல்ட்ஸ்டைனைத் துணைக்கு அழைப்பது வழக்கம். 1960களில் அவர் எழுதியதைத் திரும்பப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சூழலை ஆய்வாளரே தூண்டி உருவாக்க முடியும் என்றுதான் அவர் வாதிட்டார். பாடுபவர்களுக்கு அது தங்கள் சூழலாக இருந்தால் போதும் என்பது அவர் நிலை. நான் பேசும் நாடாக்களிலோ ஆய்வாளரே கிடையாது. இன்று நான் விரிவாகச் சொல்லப்போகும் நாடாவில் பொத்தானை அமுக்கியவன் செத்தவரின் இளைய மகன்.

நம்முடைய இலக்கணத்தையும் பாருங்கள். தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளைச் சொல்லும்போது, அழுகை முழுவதையும் ஒன்றாகக் கட்டிவைக்கவில்லை. மாய்ந்தவனைச் சுற்றிச் சுற்றத்தார் அரற்றுவது ஒரு துறை. சுரத்தின் நடுவே கணவனை இழந்து தனியே நிற்பவள் புலம்புவது முதுபாலை, அது வேறு. இறந்துபோனவர்களை நினைத்து எஞ்சியவர்கள் கலங்குவது கையறுநிலை. மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை, கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை. யார் அழுகிறார், எங்கே நின்று அழுகிறார், யாரை இழந்து அழுகிறார் என்பவை மாற மாறத் துறையும் மாறுகிறது. இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்த்த மரபில் வந்த நாம், இழவு வீட்டில் இல்லாதவனை நோக்கி அழுவது புதுத் துறையாக இருக்கலாமே என்று ஏன் எண்ணிப்பார்க்கவில்லை?

அறந்தாங்கிப் பக்கத்து நாடா

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963இல். பத்தாண்டு கழித்து, 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடாவில் கட்டட வேலைகள் பெருகின. நம் ஊர்களிலிருந்து ஆட்கள் போனார்கள். விடுப்பில் வந்தவர்கள் கையோடு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த அந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்டது போக, குரல் கடிதமும் அனுப்பினார்கள். வெளிநாட்டுக்கு டிரங்க் கால் போட்டுப் பேச வசதியில்லாத காலம். எழுதத் தெரியாத தாய், பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுதவைக்கும்போது சொல்ல முடியாததையெல்லாம் நாடாவில் சொல்ல முடிந்தது. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து, மறுவருடம் அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது முதலில் வைத்தது கடிதத்தை. பாட்டு அதற்குப் பின்னால்தான் வருகிறது. குடும்பத்தாரின் குரலையும், சாகப்போகிறவர்களின் கடைசிச் சொற்களையும் காத்துவைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆக, நம் கிராமத்துப் பெண்கள் அந்தக் கருவியின் முதல் வேலையைத்தான் அதற்குக் கொடுத்தார்கள்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து என் மாணவி ஒருவர் வழியாக என்னிடம் வந்த நாடாவின் மேல் நீல மையில் எழுதியிருப்பது ‘அப்பா 1987’ என்பது மட்டும்தான். பக்கத்துக்கு அரை மணி ஓடும் சி-60. மூத்த மகன் சவூதி அரேபியாவின் தம்மாமில் இருந்தார். கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்ததால் வர முடியவில்லை. இன்று அதை நான் ஒலிக்கவிடப் போவதில்லை. ஆய்வு செய்யலாம், சபையில் போடக்கூடாது என்பது குடும்பத்தாரின் சொல். அதனால் அதில் உள்ளதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முதல் சில நிமிடங்கள் நாம் அச்சில் பார்த்துப் பழகிய ஒப்பாரிதான். அந்த அம்மா கணவரை விளித்து அழுகிறார். அவருடைய நடை, உடை, உழவு, சந்தைக்குப் போய் வந்த வழி எல்லாம் வருகின்றன. பிறகு விளி மாறுகிறது. செத்தவரை விட்டுவிட்டு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மெட்டு மாறவில்லை, அழுகை நிற்கவில்லை. ஆனால் பாட்டுக்குள் செய்தி நுழைகிறது. எந்த மாமன் கோடி கொண்டுவந்தார், யார் வரவில்லை, உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்கு யார் யார் போனார்கள், அப்பாவுக்கு எந்த வேட்டியைக் கட்டியிருக்கிறது, கடைசியாக அவர் என்ன கேட்டார், கொடுத்த பால் உள்ளே இறங்கியதா என்பதையெல்லாம் ஒவ்வோர் அடியாகச் சொல்லி அழுகிறார்.

கூடத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பாட வேண்டியதில்லை. அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சிட்ட தொகுப்புகளில் இப்படிப்பட்ட நேர்முகச் செய்தி நான் தேடியவரை மிக அரிது. கேட்பவன் கடலுக்கு அப்பால் இருப்பதால் ஒப்பாரிக்குள் ஒரு புது உறுப்பு முளைத்திருக்கிறது. இதைத்தான் என் நண்பர்கள் கலப்படம் என்கிறார்கள்.

அடுத்து வருவதைக் கேட்டுவிட்டு நான் பல நாள் வேறு வேலை செய்ய முடியாமல் இருந்தேன். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மூத்தவர் இல்லாததால் இளையவர் கொள்ளிக்குடம் எடுக்க வேண்டும். அந்த அம்மா அதை மூத்தவரிடம் பாட்டிலேயே சொல்கிறார். உன் உரிமையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டோம், மனம் பொறுத்துக்கொள் என்ற பொருளில், ஒரே அடியைத் திருப்பித் திருப்பி எடுத்து அழுகிறார். இழவு வீட்டில் நடந்த ஓர் உரிமை மாற்றம், உரியவனுக்குத் தாயால் ஒப்பாரியில் அறிவிக்கப்படுகிறது. இதை நிகழ்த்திக் காட்டல் என்று எப்படித் தள்ளுவது?

நாடாவின் முதல் பக்கம் ஓர் அடியின் நடுவில் அறுந்து நிற்கிறது. இரண்டாம் பக்கம் அதே அடியின் தொடக்கத்திலிருந்து ஆரம்பமாகிறது. இளைய மகன் பெட்டியைத் திறந்து நாடாவைத் திருப்பிப் போடும்வரை அந்த அம்மா காத்திருக்கிறார். பெட்டிக்காகத்தான் பாடினாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தன் மூத்த மகன் ஒரு சொல்லைக்கூட இழந்துவிடக் கூடாது என்று அந்தத் துயரத்திலும் ஒரு தாய் நினைத்தாள் என்பதற்கு இது சான்று. எனக்கு இதில் வேறெதுவும் கேட்கவில்லை.

பதிவின் தரத்தைப் பற்றியும் குறை சொன்னார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒலி அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் சுற்று ஒன்று உண்டு. சத்தம் தாழ்ந்தால் மைக்கின் பெருக்கத்தை ஏற்றும், உயர்ந்தால் இறக்கும். அதனால் அந்த அம்மா மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் வீட்டின் மற்ற ஒலிகள் மேலெழுந்து வருகின்றன: தெருவில் காய்ச்சிய பறை, பாடை கட்ட மூங்கில் வெட்டும் ஓசை, குழந்தை ஒன்று சோறு கேட்பது. அழத் தொடங்கியதும் அவை பின்வாங்கிவிடுகின்றன. இதைப் பழுது என்று வடிகட்டிவிட்டுப் பாட்டை மட்டும் எழுதி அச்சிட்டால், இயல்பான சூழல் வேண்டும் என்று கேட்டவர்களே அதைத் தூக்கி எறிந்தவர்கள் ஆவார்கள். பறையடி எந்த இடத்தில் மாறுகிறது, அதற்கேற்ப அழுகை எப்படி எழுகிறது என்பதை எந்த அச்சுத் தொகுப்பும் எனக்குக் காட்டியதில்லை. இந்த நாடா காட்டுகிறது.

இரண்டாம் பக்கத்தின் பிற்பகுதி வீட்டில் பதிந்தது அல்ல. உடலை எடுத்தபோது பெட்டியில் பேட்டரி போட்டு உறவுக்காரப் பையன் ஒருவன் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அந்தப் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அதற்குமேல் நடப்பது அவர்கள் பார்க்கக் கூடாதது. நாடாவில் சங்கும் சேகண்டியும் கேட்கின்றன. வாய்க்கரிசி போட ஆட்களை முறை சொல்லி அழைப்பது கேட்கிறது. குடத்தில் தண்ணீர் ஒழுக மூன்று சுற்று வருவதும், கடைசியில் குடம் உடைவதும் கேட்கின்றன. விடுப்பு முடிந்து தம்மாமுக்குத் திரும்பும் ஊர்க்காரர் கையில் கொடுப்பதற்கு முன், சரியாகப் பதிந்திருக்கிறதா என்று வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மா உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறார். குடம் உடைந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னவர் அவருடைய இளைய மருமகள். தன் மாமியாரோடு தானும் கேட்டதாகவும், சுடுகாட்டின் ஓசையை அதற்கு முன் அந்த வீட்டுப் பெண் எவரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். மகனுக்காகப் பதிந்த நாடா, தாய்க்கு மறுக்கப்பட்டிருந்த இடத்துக்கு அவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொழில்நுட்பம் மரபைக் கெடுத்தது என்று பேசும்போது இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாடா போய்ச் சேர்ந்த இடம். மூத்த மகனை நான் பின்னாளில் ஊரில் சந்தித்தேன். தம்மாமில் ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஆந்திரக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். நாடா வந்த இரவு அதைத் தனியே கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அறையில் எல்லோரும் பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்களாம். மொழி தெரியாதவர்களும் அழுதார்கள் என்றார். அவர்களில் பலர் தங்கள் வீட்டுச் சாவுக்குப் போக முடியாதவர்கள். ஊரில் ஆண்கள் ஒப்பாரி வைப்பதில்லை. திண்ணையிலோ பந்தலிலோ தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அந்த இரவில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழுதிருக்கிறார்கள். பெண்களின் வட்டம் சிதைந்ததால் ஒப்பாரி செத்துவிட்டது என்பது நண்பர்களின் வாதத்துக்கு அடித்தளம். அந்த வட்டம் அரபு நாட்டில் ஆண்களால் மறுபடி கூடியிருக்கிறது. சூழல் அழியவில்லை. ஒரே அழுகைக்கு இரண்டு சூழல்கள் அமைந்தன, இரண்டுக்கும் நடுவே கடல் இருந்தது.

அவர் ஊர் திரும்பியபோது நாடாவையும் கொண்டுவந்தார். அப்பாவின் திதியன்று படையல் போட்டபின் அதைக் கேட்பது அவர் வழக்கம். இப்போது அதில் அழும் அம்மாவும் இல்லை. அப்பாவுக்காகப் பதிந்த நாடா அம்மாவின் குரலுக்காகக் கேட்கப்படுகிறது. சாவு வீட்டோடு முடிந்துபோகும் ஒப்பாரிக்கு இந்த இரண்டாம் வாழ்வு கிடையாது. இதற்கு நம் வகைப்பாட்டில் இடம் வேண்டும். இந்த மேடையில் நான் கேட்பது அதைத்தான்.

பிறகு வந்தவை

நேரம் குறைவாக இருப்பதால் மற்றவற்றைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். கேசட்டுக்குப் பின் சாவு வீட்டில் வீடியோ வந்தது. கல்யாண வீடியோ எடுப்பவர்களே இதையும் எடுத்தார்கள். அதில் படம் முன்னால் வந்து குரல் பின்னால் போய்விட்டது. சினிமாப் பாட்டைச் சேர்த்து அழுகையை அழித்துவிட்ட பதிவுகளும் உண்டு. 2020இல் ஊரடங்கின்போது இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்குமேல் கூடக்கூடாது என்று விதி இருந்தது. பக்கத்து மாவட்டத்தில் இருந்தவர்களே தம்மாமில் இருந்தவர்போல ஆனார்கள். வீடியோ அழைப்பில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார், காலைப் பார் என்று சொல்லி அழுததை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அறந்தாங்கி அம்மாவின் பாட்டுக்குள் நுழைந்த அதே செய்தி உறுப்புதான் இது. ஆனால் அந்த அழைப்புகள் பெரும்பாலும் பதிவாகவில்லை. வாட்ஸ்அப் குரல் செய்திகளாக வந்த அழுகைகள், காப்பு எடுத்து வைக்காவிட்டால், போன் மாற்றும்போது போய்விடுகின்றன.

செய்ய வேண்டியவை

காந்த நாடாக்களைப் பற்றி யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025வாக்கில் இவற்றை ஓட்டும் கருவிகளும் உதிரி பாகங்களும் கிடைப்பது அரிதாகிவிடும் என்றன. ஆகவே ஒதுக்கி வைத்த நாடாக்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், இரைச்சலை வடிகட்டாமல் எண்மக் கோப்புகளாக மாற்ற வேண்டும். மாற்றியபின் மூலத்தை எறியக் கூடாது.

பட்டியலில் யார் பாடினார் என்பதோடு யாரை நோக்கிப் பாடினார், யார் கையில் கொடுத்து அனுப்பினார்கள், எங்கே யார் யார் கூடிக் கேட்டார்கள் என்ற பத்திகளும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவுக்குப் போன நாடாக்களை யாராவது ஒரு மாணவர் எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவை தனி ஆய்வு. அங்கே திரும்பி வர முடியாமைக்குக் காரணம் போர். சாவு வீட்டு வீடியோக்காரர்களிடம் பேட்டி எடுக்க வேண்டும். குடும்பத்தார் அனுமதிக்கு ஒரு படிவம் வேண்டும், அதில் சபையில் ஒலிக்கவிடலாமா என்பது தனிக் கேள்வியாக இருக்கட்டும். வளைகுடா அறைகளில் கேட்டவர்களில் இன்று ஊரில் இருப்பவர்களைத் தேடிப் பேச வேண்டும். அவர்களுக்கும் வயதாகிறது.

வீட்டில் இப்படி நாடா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மேல்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிடுங்கள், அதன்மேல் மறுபடி பதிய முடியாது. முதல் மாற்றம் முடியும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். துறை அலுவலகத்தில் கொடுத்தால் ரசீது தருவார்கள். மாற்றி முடித்ததும் நாடாவைத் திருப்பித் தந்துவிடுவோம்.