பொங்கல் கபடிக்கு முன்னால் ஒரு கையெழுத்து

(விழுப்புரத்தில் நடந்த நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

பொங்கலுக்கு நம் பிள்ளைகளும் திண்டிவனம் குடியிருப்புப் பிள்ளைகளும் கபடி ஆடப்போகிறார்கள். கோப்பை, டி-ஷர்ட், மதியச் சாப்பாடு எல்லாம் பேசியாகிவிட்டது. அடிபட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசவில்லை. அதனால்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

2022 ஜூலையில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் மானடிக்குப்பத்தில் நடந்தது நினைவிருக்கும். ரெய்டு போன கல்லூரி மாணவர், பிடியிலிருந்து எழ முயன்றவர், களத்திலேயே சரிந்தார். பிழைக்கவில்லை. அந்த வீடியோ நம் போனுக்கெல்லாம் வந்தது. பார்த்தோம், நாலு பேருக்கு அனுப்பினோம், அவ்வளவுதான்.

ஜல்லிக்கட்டுக்கு 2009-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கலெக்டர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, மருத்துவக் குழு எல்லாம் வேண்டும். கபடிக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். கேட்பதென்றால் சென்னையில்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் கேட்டு வாங்கினார்கள். 2006-ல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன், தலையில் அடிபட்ட பிறகும் மறுபடி ஆட்டத்தில் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் விழுந்தான், மூளையில் ரத்தக்கசிவு. திரும்பப் பேசவே மாதக்கணக்கானது. 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. தலையில் அடியோ என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும். இதில் பயிற்சி பெற்ற, உரிமம் உள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி களம். இதைப் படித்ததாகப் பெற்றோரும் பிள்ளையும் வருஷா வருஷம் கையெழுத்துப் போட வேண்டும். 2014-க்குள் அங்கே 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது அந்த எழுத்து விஷயம்தான். பேங்கில் ஒருவர் எழுதிய வவுச்சரை அவரே பாஸ் பண்ண முடியாது. ஆடுகிற பையன் 'ஒண்ணுமில்ல அங்கிள்' என்றுதான் சொல்வான். ஜெயிக்கிற நேரத்தில் கோச்சும் அதையேதான் சொல்வார். முடிவு வேறொருவர் கையில் இருக்கட்டும்.

சட்டம் வரும்போது வரட்டும், நாம் இப்போதே செய்யலாம். கார் நிறுத்தும் சிமெண்ட் தரையில் ஆட்டம் வேண்டாம். மண் தரை அல்லது மேட். தலையிலோ நெஞ்சிலோ பலமாக அடிபட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. மயக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் என்றால் உடனே 108. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.

படிவத்தைத் தமிழில் ஒரே பக்கமாக டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். போகும்போது வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள். பி பிளாக்கில் பெயர் கொடுத்த மூன்று பிள்ளைகளின் வீட்டிலிருந்து இன்று யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தயவுசெய்து அவர்களுக்கும் ஒன்று எடுத்துப்போங்கள்.