தாழியில் துயிலும் முன்னோர்



சாலைக் கடைத்தெருவைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் உள்ளது. நம் வீட்டில் ஒருவர் மறைந்தால், சுட்ட எலும்பைப் பொறுக்கிச் சிறு மண்கலயத்தில் இட்டுச் சங்குமுகம் கடற்கரைக்கோ திருவல்லத்திற்கோ கொண்டு செல்கிறோம். அஸ்தி நீரில் சேர்ந்ததும் வீடு திரும்புகிறோம்.

நம் முன்னோருள் ஒரு சாரார் எலும்பை நீரில் விடவில்லை, மண்ணிடம் ஒப்படைத்தனர். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பு அதற்குச் சான்று. ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள அந்த மேட்டில், பாறை கலந்த நிலத்தைக் குடைந்து பெருந்தாழிகளைப் புதைத்துள்ளனர். சிலவற்றில் உடலை மடித்து இருத்தினர். சிலவற்றில் எலும்புகளை மட்டும் சேர்த்து வைத்தனர். உடன் சிறு கலங்களும் இரும்புக் கருவிகளும் இட்டனர்.

அவ்வழக்கத்தைச் சங்கப் புலவரும் அறிவர். புறநானூற்றின் 228ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது, அத்துணைப் பெரியோனுக்கு ஏற்ற தாழியை எங்ஙனம் வனைவாய் என்று குயவனை நோக்கி இரங்குகிறார் ஐயூர் முடவனார். 256ஆம் பாட்டில் ஒரு பெண், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள்.

1876ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யாகோர் இங்கே அகழ்ந்தார். கண்டெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. பொருள்கள் பிழைத்தன, ஆயின் ஊர் தன் முன்னோரைப் பிரிந்தது. இந்தியத் தொல்லியல் துறை 2004ஆம் ஆண்டில் மீண்டும் அகழ்ந்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. 2023இல், தாழிகளை அகழ்ந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்து, இருந்த இடத்திலேயே காணும்படி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதுவே நேரிய முறை. தாழி எந்த ஆழத்தில், எதன் அருகில், எந்நிலையில் இருந்தது என்பதே அறிஞருக்கு எழுத்து. பெயர்த்தெடுத்தால் அவ்வெழுத்து அழிந்துவிடும்.

இது நெல்லைக்கு மட்டும் உரிய செய்தியன்று. நாம் வாழும் கேரளத்திலும் இத்தகைய தாழிகள் உண்டு; அவற்றை நன்னங்ஙாடி என்பர். கிணறு வெட்டும்போதும் வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும் அவை வெளிப்படுவதுண்டு. புதையல் இருக்குமென்ற ஆசையால் உடைப்பாரும், வேலை தடைப்படுமென்ற அச்சத்தால் மூடி மறைப்பாரும் உளர். உடைத்தவர் காண்பது பெரும்பாலும் மண்ணும் எலும்புத் துண்டுகளுமே. அவர் இழப்பதோ மீண்டும் எழுத இயலாத ஓர் ஏடு.

ஆகவே, மண்வெட்டி தாழியின் விளிம்பில் பட்டால் அங்கேயே நிறுத்துவோம். வருவாய் அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லி அனுப்புவோம். அஸ்திக் கலயத்தைக் கையில் ஏந்திக் கடற்கரையில் நிற்கையில் நம்மிடம் தானாகவே ஓர் அடக்கம் வந்துவிடுகிறது. பெயர் அறியாத அம்முன்னோர் நம்மிடம் வேண்டுவதும் அவ்வடக்கமே.