நிறுத்திய வண்டிக்குக் கீழே ஈரம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், நமது வேனை ஓட்டும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு மைக் பிடிக்க நடுங்குது. ஆனாலும் வேனுக்குச் செலவான பணம் உங்க எல்லாருடைய சேமிப்புப் பணம். அதனால நடந்ததை நானே சொல்லோணும்.

போன வருசம் மசாலாப் பொடி மூட்டையோட வால்பாறைக்குப் போனப்ப வேன் நின்னுபோனது உங்களுக்குத் தெரியும். ஆழியாறுல இருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவு. 9-ஆவது வளைவுலயே என்ஜின் சூடேறிப் புகைஞ்சிருச்சு. ஹெட் கேஸ்கட் போச்சு. 18,000 ரூபாய் செலவு. அந்த ரெண்டு மாசம் வங்கித் தவணை தள்ளிப் போனதும், சில அக்காமார் என் மேல கோபப்பட்டதும் நியாயம்தானுங்க.

ஏன்னா அது திடீர்னு வந்த கோளாறு இல்லை. அதுக்கு முன்னாடி பல நாளா, காலையில வேனுக்குக் கீழே கையகல ஈரம் இருந்தது. நான் அது எங்கிருந்து வருதுன்னு குனிஞ்சு பார்க்கலை. குடத்துல போர் தண்ணியைக் கொண்டாந்து ஊத்தி ஊத்தி ஓட்டினேன். நம்ம பக்கத்துப் போர் தண்ணியைக் காய்ச்சுனா பாத்திரத்துல வெள்ளையா உப்புப் படியுதில்லீங்களா? ரேடியேட்டருக்குள்ளேயும் அதேதான். அதோட குழாயெல்லாம் ரொம்பச் சன்னம். உப்பு அடைச்சா சூடு இறங்காது. துருப்பிடிக்காம இருக்கத்தானே கூலண்ட் ஊத்தறது. வெறும் தண்ணி சேரச் சேர அதுக்கும் சக்தி போயிடும்.

போன மாசம் மறுபடியும் ஈரம். இந்தத் தடவை பயந்துட்டேன்.

ராத்திரி வேனை நிறுத்தினதும் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரிச்சு, நாலு மூலைக்கும் கல் வச்சேன். காலையில பச்சை நிறத்துல சொட்டு. விரல்ல தொட்டா வழவழப்பு. கறுப்பா பிசுபிசுன்னு இருந்தா ஆயில். ஏசி வண்டியா இருந்தா நிறமில்லாத வெறும் தண்ணி சொட்டும், அதுல தப்பில்லை. நம்ம ஆம்னியில ஏசியே கிடையாது. கூலண்ட் பச்சைதான்னு இல்லை. சிவப்பு, நீலத்துலயும் வருது. வாயில மட்டும் வச்சுப் பார்க்காதீங்க. அது விசம். லேசா இனிக்கும்கிறதால நாய், ஆடு நக்கிரும். குழந்தைங்க இருக்கற வீட்டுல இன்னும் கவனம் வேணும். சிந்தின இடத்துல மண்ணைப் போட்டு உறிஞ்ச விட்டு, கூட்டி அள்ளி, ஆடு மாடு வாய் வைக்காத இடத்துல போடோணும்.

ஓடும்போது ஒழுகாத வண்டி நின்னப்புறம் ஏன் ஒழுகுது? குக்கரை நினைச்சுக்குங்க. ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி. அதுல 0.9-னு எண் போட்டிருந்தா, உள்ளே தண்ணி சுமார் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காம அழுத்தத்துல இருக்கும். வண்டியை அணைச்சதும் பம்ப்பும் நின்னுரும், காத்தும் நின்னுரும். என்ஜின் சூடு கொஞ்ச நேரம் ஏறும். அப்பத்தான் இளைச்ச இடத்துல சொட்டு வரும். சில வண்டியில சூடு ஆறி ரப்பரும் இரும்பும் சுருங்கின பிறகு, கிளிப் தளர்ந்த இடத்துல ஒழுகும். ஓடும்போது வர்ற சொட்டு ரோட்டோட போயிடுது, நம்ம கண்ணுக்குப் படறதில்லை.

அதே குக்கர் கணக்குத்தான், சூட்டுல அந்த மூடியைத் திறக்கவே கூடாது. முகமெல்லாம் வெந்துரும். முழுசா ஆறின பிறகுதான் தொடோணும்.

டவுன்ல ஒரு பட்டறையில, கீழே குனிஞ்சு கூடப் பார்க்காம, ரேடியேட்டரையே மாத்தோணும்னாங்க. நான் கையெழுத்துப் போடாம வந்துட்டேன். ஆனைமலைப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக், ஆறின ரேடியேட்டர் வாயில கைப்பம்ப்பை மாட்டி, மூடியில போட்டிருந்த அளவுக்குக் காத்தடிச்சு, பீடி குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வந்து டார்ச் அடிச்சா, கீழ் ஓஸ் பைப் கிளிப் வாயில பச்சையா ஒரு சொட்டு நிக்குது. ஓஸ் முனை ஊதி வெடிச்சிருந்தது. பழைய கசிவு காய்ஞ்சு வெள்ளைப் பொரியா ஒட்டியிருந்ததையும் காட்டினாரு. புது ஓஸ், ரெண்டு கிளிப், கூலண்ட், கூலி எல்லாம் சேர்ந்து 1,150 ரூபாய். பில் பதிவேட்டுல இருக்குதுங்க.

வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதுல சொட்டுனா உள்ளே சீல் தேஞ்சிருச்சுன்னு அர்த்தம், பம்ப்பை மாத்தியாகோணும். கிணத்து மோட்டார்ல கிளாண்டு ஒழுகறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம, இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஒரு சொட்டும் காணோம், ஆனா டப்பாவுல அளவு குறையுது, சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்குதுன்னா, கசிவு என்ஜினுக்குள்ளே. அப்ப ஓட்டவே கூடாது.

லாரி டிரைவர் அண்ணன் ஒருத்தர், ரேடியேட்டர்ல மஞ்சள்தூளைப் போடு, ஓட்டை அடைஞ்சிரும்னாரு. ஈரோட்டு மஞ்சளா இருந்தாலும் குழம்புக்குத்தானுங்க. ஓட்டையை அடைக்கறது நல்ல குழாயையும் சேர்த்து அடைச்சிரும். நடுக்காட்டுல நின்னா வீடு வந்து சேர வேணா பார்க்கலாம்.

இப்ப கூலண்டும் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்தறேன். தினம் காலையில என்ஜின் ஆறியிருக்கும்போது டப்பாவுல ரெண்டு கோட்டுக்கு நடுவே இருக்குதான்னு பார்த்து நோட்டுல எழுதறேன். ஓஸ் மாத்தி 26 நாளாச்சு, கோடு இறங்கலை.

வேன் வெளியே வேப்ப மரத்தடியில காலையில இருந்து நிக்குது, ஆறியிருக்கும். அட்டையும் விரிச்சுத்தான் வச்சிருக்கேன். டீ குடிச்சுட்டு வாங்க, சீட்டைத் தூக்கிக் காட்டறேன்.