தட்டின் மறுபக்கம்

தோழர்களே, டப்ளின் தெருவில் வளர்ந்த ஒரு கறுப்புப் பாடகரைப் பத்திப் பேசறேன்: ஃபில் லினாட். 1949இல் பிறந்தவர். அம்மா ஐரிஷ், கல்யாணமாகாதவர், அப்பா கயானாக்காரர். வளர்த்தது பாட்டி.

1969இல் ‘தின் லிசி’ ராக் குழு உருவானது. இவரே பாடகர், பாட்டு எழுதுகிறவர். 1972இல் கம்பெனிக்காரன், குழுவுக்கு இஷ்டமில்லாமலேயே, இவங்க பாடின பழைய ஐரிஷ் நாட்டுப்பாட்டை இசைத்தட்டின் முன்பக்கமா வெளியிட்டான். அயர்லாந்தே கொண்டாடிச்சு. தட்டைத் திருப்பிப் போட்டா, தெருமுனையில் நிற்கிற கறுப்புப் பையன்களைப் பத்தி அவரே எழுதின பாட்டு.

ஹெராயின் தின்ற உடம்பு 1986இல், 36 வயசில், சாய்ந்தது. 2005இல் டப்ளினில் சிலை வைத்தார்கள். வைக்கட்டும். ஆனால் ‘நம்ம பையன்’ என்று கொண்டாடுகிறவர்களிடம் ஒன்று கேட்போம்: தட்டில் எந்தப் பக்கத்தைக் கேட்டீங்க?