ஆளில்லாத அறைக்குக் குளிர்ச்சி ஏன்?



கோடை விடுமுறை தொடங்கியதும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்பவர்களின் கண்கள் தாமாகவே மலையை நோக்கித் திரும்பும். சேலத்தார்க்கு ஏர்க்காடு, நாமக்கல்லார்க்குக் கொல்லிமலை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏர்க்காடோ கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துவிட்டால் இயற்கையே நமக்குக் குளிர்ச்சியை இலவசமாக அளித்துவிடுகிறது. ஆனால் நான் இன்று பேச வந்தது மலையைப் பற்றியன்று. நாம் கீழே பூட்டிவிட்டுப் போகிற வீட்டைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நானும் குடும்பத்தாரும் எட்டு நாட்கள் ஏர்க்காட்டில் தங்கினோம். புறப்படும்போது, ஏ.சி. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் குளிர்சாதனத்தை 27 டிகிரியில் ஓடவிட்டுப் போனேன். மறதியினால் அன்று, நம்பிக்கையினால். "நிறுத்திவிட்டால், கொதித்துக் கிடக்கும் அறையை மறுபடி குளிர்விப்பதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும், மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் சிக்கனம்" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தேன். ஆளில்லாத வீட்டில் எண்பது யூனிட் செலவாகியிருந்தது.

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. எங்கள் தெரு பழைய தெரு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. எங்கள் ஏ.சி.யின் வெளிப்பெட்டி அடுத்த வீட்டுத் திண்ணையைப் பார்த்து இருந்தது. அந்தத் திண்ணையில்தான் ஒரு மூதாட்டியார் கோடை இரவுகளில் படுப்பது வழக்கம். "ராத்திரியெல்லாம் பெட்டி ஓடிற்றே, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன், கண்ணு! அனல் தாங்காமல் நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்" என்றார். அவர் குறைகூறவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

என் நம்பிக்கையில் பிழை எங்கே? ஓர் ஓட்டைக் குடத்தை எண்ணிப் பாருங்கள். குடம் நிறைய நிறைய ஒழுக்கின் வேகம் மிகும். அதை எட்டு நாளும் நிறைத்தே வைத்திருக்க வேண்டுமானால் எட்டு நாளும் நீர் ஊற்ற வேண்டும். காலியாக விட்டுவிட்டு, வேண்டும்போது ஒருமுறை நிரப்பினால் ஒரு குடம் நீரே செலவு. வீட்டின் குளிர்ச்சியும் அப்படித்தான். வெளியே 37 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்றால், அந்தப் பத்து டிகிரி வேற்றுமை இருக்கும்வரை சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வேற்றுமை மிகுந்தால் வரவும் மிகும். வேற்றுமை ஒழிந்தால் வரவும் நிற்கும். நியூட்டன் கண்ட குளிர்தல் விதியின் மறுபக்கமே இது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சாக ஓடும்போது மணிக்கு ஒன்றரை யூனிட் அளவுக்குச் செலவிடும். திரும்பி வந்த நாளில் மூன்று மணி நேரம் அப்படியே ஓடினாலும் நாலரை யூனிட்தான். நாலரையை மிச்சப்படுத்த எண்பதைச் செலவிட்டவன் நான்!

'டன்' என்பது பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அகற்றும் ஆற்றலே ஒரு டன். ஆம், ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை வெளியேற்றுகிறது. அறையின் வெப்பத்தோடு, தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. எங்கள் வீட்டில் அது திண்ணையில் கொட்டியது.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நமக்கு அருகே மேட்டூர் அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. 2024 மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாட்களில் ஆளில்லாத அறைகளும் பங்கு கேட்டால் அது நியாயமாகுமா?

ஆகவே, ஊருக்குப் புறப்படும் முன் சில காரியங்கள் செய்யுங்கள். முதலில், ஏ.சி.யை ஒரு மணி நேரம் விசிறியாக மட்டும் ஓடவிட்டு உட்பகுதியை உலர்த்துங்கள். பிறகு ரிமோட்டில் நிறுத்துவதோடு விட்டுவிடாமல் சுவரிலுள்ள சுவிட்சையும் அணையுங்கள். நம் சமவெளியில் கோடை மழை இடியும் மின்னலுமாக வரும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் கருவி பழுதாகும். மேற்குச் சன்னல்களுக்குத் திரையிடுங்கள். நாமக்கல் கோழிப் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். கொட்டகைகளின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும். வெயில் பக்கவாட்டில் பாயாதிருக்கவே அந்த ஏற்பாடு. கோழிக்குச் செய்வதை நமக்கும் செய்துகொள்ளலாமே!

திரும்பி வந்ததும் வடிகட்டியைக் கழுவுங்கள். நீர் வடியும் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சன்னல்களைத் திறந்து தேங்கிய அனலை வெளியேற்றிய பிறகே ஏ.சி.யை முடுக்குங்கள். 24 டிகிரிக்குக் கீழே போக வேண்டியதில்லை; ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதற்கும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும்.

ஓயாத ஈரமுள்ள நாடுகளில் பூஞ்சை படராதிருக்க, பூட்டிய வீட்டிலும் ஏ.சி.யை ஓடவிடுவோர் உண்டு. நம் சித்திரை வெயிலில் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒன்று: வீட்டில் முதியவரோ நோயாளியோ தங்கியிருந்தால் நான் சொன்னது பொருந்தாது. அவர்களுக்காகத்தான் குளிர்ச்சி, அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது எங்கள் வெளிப்பெட்டியை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டேன். விடுமுறைக்குப் புறப்படும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த மூதாட்டியாரிடம் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். "நிம்மதியாகப் போய் வா, கண்ணு" என்று சொல்லி அவர் திண்ணையில் பாயை விரிக்கிறார்.